தாத்தா பேரில் கிடக்கும் காட்டைப் பாகம் பிரித்துப் பட்டா வாங்குவது எப்படி?

அப்பாவின் காரியம் முடிந்து சொந்தபந்தமெல்லாம் கிளம்பிய பிறகு, அம்மா பீரோவிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து நீட்டுவார். உள்ளே பழைய பத்திரம், கந்தாய (நில வரி) ரசீதுகள், மடிப்பில் கிழிந்த பட்டா பாஸ்புத்தகம், கூட்டுறவு சங்கக் கடன் சீட்டு. "இதெல்லாம் என்னான்னு பாரு சாமி" என்பார். பத்திரத்தைப் பிரித்தால் தாத்தா பேர் இருக்கும். அப்பா பேர் எங்கேயும் இருக்காது. அப்பா நாற்பது வருஷம் உழுத காடு, காகிதத்தில் இன்னும் தாத்தாவுடையது.

எங்கள் வீட்டில் நடந்தது இது. நாங்கள் தாராபுரம் பக்கம், விளைநிலத்தைக் காடு என்போம். பக்கத்துக் காட்டுக்காரர்கள் பலர் வீட்டிலும் இதே கதைதான். ஊரை விட்டு வேலைக்குப் போய், நிலக் காகிதம் எதையும் தொட்டே பார்க்காத பிள்ளைகளுக்கு இந்த வேலை எங்கே தொடங்குவது என்றே தெரியாது. அவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலில் ஆட்கள், அடுத்து காகிதம், அப்புறம் காடு, அதற்குப் பிறகு பத்திரம், கடைசியில் பட்டா. இந்த வரிசையை மாற்றாதீர்கள். நேராகப் பத்திர எழுத்தரிடம் போய் உட்கார்ந்த குடும்பங்கள்தான் பிற்பாடு கோர்ட்டில் உட்கார்ந்திருக்கின்றன.

யார் யாருக்குப் பங்கு

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பத்திரத்தில் யார் பேர் இருக்கிறதோ அவரை மேலே எழுதுங்கள். கீழே அவர் மனைவி, பிள்ளைகள், இறந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களின் குடும்பம், எல்லாரையும் எழுதுங்கள். ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் இறந்த தேதி. இந்தத் தேதிகள்தான் கணக்கையே தீர்மானிக்கும்.

அடுத்த கேள்வி, நிலம் தாத்தாவுக்கு எப்படி வந்தது? அவரே காசு கொடுத்துக் கிரயம் வாங்கியதா, அவருடைய அப்பனிடமிருந்து பாகத்தில் வந்ததா? முதலாவது சுயார்ஜிதம், இரண்டாவது பூர்வீகம். ஊரில் எல்லாவற்றையும் பூர்வீகம் என்றே சொல்லிவிடுவார்கள். சட்டத்தின் முன் இரண்டும் வேறு. "தாத்தா சொத்து பேரனுக்கு" என்ற பேச்சை நம்பிப் பலர் ஏமாந்திருக்கிறார்கள். தாத்தா தானே வாங்கிய நிலத்தில் பேரனுக்குப் பிறப்புரிமை கிடையாது. தாத்தா உயில் எழுதாமல் இறந்தால் அது முதலில் அவர் மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் போகும். அப்பா காலமான பிறகு, அப்பாவின் பங்குதான் நமக்கு வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாத்தா 1962-இல் கிரயம் வாங்கிய 4 ஏக்கர் 80 சென்ட். 1990-இல் உயில் எழுதாமல் காலமானார். பாட்டி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஐந்து பேருக்கும் சம பங்கு. பின்னால் பாட்டியும் உயில் இல்லாமல் போய்ச் சேர்ந்தார், அவர் பங்கு நாலு பிள்ளைகளுக்கும் சமமாகப் போனது. ஆக ஆளுக்கு 120 சென்ட். இப்போது அப்பா இல்லை. அம்மா, நான், தங்கை என மூன்று பேர். அப்பாவின் 120 சென்டில் ஆளுக்கு 40. கவனியுங்கள், அத்தைகள் இருவருக்கும் தலா 120 சென்ட் இருக்கிறது. 1989-க்கு முன்னால் கல்யாணம் ஆனவர்கள், நகை போட்டு அனுப்பியாயிற்று என்பதெல்லாம் சுயார்ஜித நிலத்தில் எடுபடாது. 1956 முதலே மகளும் மகனும் அதில் சமம்.

பூர்வீகச் சொத்தில்தான் தேதிகள் குழப்பும். தமிழ்நாடு 25-3-1989 முதல் மகள்களுக்கும் பிறப்பால் பங்கு கொடுத்தது, ஆனால் அன்றைக்கு முன் திருமணமானவர்களை விட்டுவிட்டது. மத்திய அரசின் திருத்தம் 9-9-2005 முதல் அந்த வேறுபாட்டையும் எடுத்துவிட்டது. 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று பல வருஷம் வழக்குகள் நடந்தன. வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தேவையில்லை என்று முடித்துவைத்தது. 20-12-2004-க்கு முன்பே பதிவு செய்த பத்திரத்திலோ நீதிமன்றத் தீர்ப்பிலோ பாகம் முடிந்திருந்தால் மட்டும் அதைக் கிளற முடியாது.

பலரும் மறப்பது இறந்தவரின் தாயை. மகன் முன்னால் போய், தாய் உயிரோடு இருந்தால், மனைவி பிள்ளைகளோடு அந்தத் தாய்க்கும் ஒரு சம பங்கு உண்டு. தகப்பனுக்கு அப்படி முதல் வரிசையில் இடமில்லை. அதேபோல ஒரு பெண் பேரில் உள்ள நிலம் அவர் காலத்துக்குப் பின் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். பிள்ளை இல்லாவிட்டால், பிறந்த வீட்டிலிருந்து வந்த நிலம் பிறந்த வீட்டு வாரிசுகளுக்கே திரும்பும். புகுந்த வீட்டிலிருந்து வந்தது கணவரின் வாரிசுகளுக்குப் போகும்.

இங்கே சொன்னதெல்லாம் இந்துக்களுக்கான சட்டம். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஷரியத் முறை, கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம். பங்குக் கணக்கு வேறு, மற்றபடி கீழே வரும் அலுவலக வேலையெல்லாம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

மஞ்சள் பையில் இருப்பதும் இல்லாததும்

இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இல்லாமல் ஒரு அடி நகராது. இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். தாத்தா காலத்து இறப்பைப் பதியாமலே விட்டிருந்தால் கோட்டாட்சியர் அலுவலகம் வழியாகத்தான் இப்போது பதிய முடியும். அதற்குக் காலம் பிடிக்கும், அதனால் முதல் வேலையாக அதைத் தொடங்கிவிடுங்கள். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வி.ஏ.ஓ.வும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து, தாலுகா அலுவலகம் கொடுக்கும். நம் கணக்கில் தாத்தாவுக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என மூன்று வாரிசுச் சான்று வேண்டும்.

விண்ணப்பத்தில் யார் பேரையும் விடாதீர்கள். கோபித்துக்கொண்டு இருபது வருஷமாக வராத சித்தப்பா, வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டு போன அத்தை, யாராக இருந்தாலும் சரி. சான்றில் பேர் விடுபட்டால் உரிமை போய்விடாது. நாளைக்கு நம் பத்திரம்தான் செல்லாமல் போகும்.

பேர் எழுத்தையும் பாருங்கள். பத்திரத்தில் ராமசாமி கவுண்டர், ஆதாரில் ராமசாமி, பட்டாவில் இராமசாமி என்று இருந்தால் மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும்.

அடுத்தது மூலப்பத்திரம். காணாமல் போயிருந்தால் பயப்பட வேண்டாம். எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்ததோ அங்கே பத்திர எண்ணும் வருஷமும் சொன்னால் சான்றிட்ட நகல் கிடைக்கும். எண்ணே தெரியாவிட்டால் சர்வே எண்ணை வைத்து வில்லங்கச் சான்று, அதாவது அந்த நிலத்தின் மேல் பதிந்த பத்திரங்களின் பட்டியல், போட்டால் வந்துவிடும். பதிவுத்துறை இணையதளத்தில் பெரும்பாலும் 1975 முதல் பார்க்கலாம், அதற்கு முந்தையதை அலுவலகத்தில் கையால் தேடித் தருவார்கள். வில்லங்கத்தை வரி வரியாகப் படியுங்கள். தாத்தா யாருக்காவது அடமானம் வைத்து ரசீது போடாமல் விட்டிருக்கலாம், பெரியப்பா தன் பங்கை ஏற்கெனவே விற்றிருக்கலாம்.

பட்டா, சிட்டா (நிலத்தின் வகையும் பரப்பும் சொல்லும் பதிவு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் வருவாய்த்துறை இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம். அடங்கல் வி.ஏ.ஓ.விடம் கிடைக்கும், எந்தப் பசலியில் (வருவாய்க் கணக்கு ஆண்டில்) யார் என்ன பயிர் வைத்தார்கள் என்று அதில் இருக்கும். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் வரும். ஒரு ஏர் என்பது 2.47 சென்ட். நம் 4 ஏக்கர் 80 சென்ட் பட்டாவில் 1 ஹெக்டேர் 94 ஏர் என்று கிட்டத்தட்ட வர வேண்டும். பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் பத்து இருபது சென்ட் இடிக்கிறதா? சர்வே எண்ணே வேறாக இருக்கிறதா? 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், ஊரில் யூ.டி.ஆர். என்பார்கள், பேர் மாறியதும் பரப்பு குறைந்ததும் நிறைய. அப்படியிருந்தால் பாகத்துக்கு முன்பே திருத்த மனுக் கொடுத்துவிடுங்கள். வருஷா வருஷம் தாலுகாவில் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியில் மனுக் கொடுப்பதும் ஒரு வழி.

ஒன்று சொல்ல வேண்டும். பட்டா என்பது வருவாய்க் கணக்கு, அதுவே உரிமை ஆகாது. பட்டா பெரியப்பா ஒருவர் பேரில் இருக்கிறது என்பதால் நிலம் அவருக்கு மட்டும் சொந்தம் ஆகிவிடாது. கூட்டு வாரிசுகளில் ஒருவர் அனுபவத்தில் இருந்தால் அது எல்லாருக்காகவும் இருக்கும் அனுபவம் என்றே கோர்ட் பொதுவாகப் பார்க்கும். அதற்காகத் தூங்கிவிடக் கூடாது. உங்களுக்குப் பங்கே கிடையாது என்று ஒருவர் வெளிப்படையாகச் சொல்லி வெளியே நிறுத்திய நாளிலிருந்து 12 வருஷக் கெடு ஓடத் தொடங்கும்.

நிபந்தனைப் பட்டா நிலம், பஞ்சமி நிலம், கோயில் இனாம் நிலம், குத்தகைப் பதிவு உள்ள நிலம் என்றால் இங்கேயே நின்று ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அவற்றுக்குத் தனி விதிகள்.

காட்டில் இறங்கி நடப்பது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

எல்லாரும் ஒருநாள் காலையில் காட்டுக்குப் போங்கள். அத்தைகளும் வரட்டும், தங்கையும் வரட்டும். புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பொழியோடு, அதாவது எல்லை வரப்போடு, நடங்கள். கல் எங்கே இருக்கிறது, எங்கே புதைந்துவிட்டது, பக்கத்துக்காரர் எத்தனை உழவு உள்ளே வந்திருக்கிறார் என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் பணம் கட்டி நில அளவரை வரவழைத்து அளந்து கல் போட்டுக்கொள்ளுங்கள். வெளி எல்லை உறுதியாகாமல் உள்ளே பிரித்தால், கடைசிப் பங்குக்காரருக்குக் குறையும்.

பிறகு மூன்று விஷயம் பேசுங்கள். தடம், தண்ணீர், மண்.

தடத்தை முதலில் சொல்கிறேன், நாங்கள் பட்டது அதில்தான். எங்கள் அப்பா காலத்துக்கு முன் ஒரு வாய்ப்பாகம், பத்திரமில்லாமல் வாய்ப்பேச்சில் பிரித்துக்கொள்வது, நடந்தது. இட்டேரியை (காடுகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை) ஒட்டிய மேற்குப் பங்கு ஒருவருக்கு, உள்ளே இருக்கும் கிழக்குப் பங்கு எங்களுக்கு. அண்ணன் தம்பி ஒற்றுமையாக இருந்ததால் மேற்குக் காட்டின் வடகோடியில் வண்டி போய் வந்துகொண்டிருந்தது. யாரும் எழுதிவைக்கவில்லை. அடுத்த தலைமுறையில் அந்த வடகோடியில் தென்னங்கன்று வைத்துவிட்டார்கள். மக்காச்சோளம் அறுவடைக்கு வந்த மிஷின் இட்டேரியிலேயே நின்றது. நாலு நாள் பேசி, காசு கொடுத்து, ஒரு தடவைக்கு மட்டும் என்று வழி வாங்கினோம். வழியே இல்லாத நிலத்துக்கு வழி கேட்கச் சட்டத்தில் இடம் உண்டுதான். ஆனால் அது வழக்குப் போட்டுக் காத்திருக்கும் வழி, கதிர் காத்திருக்காது.

அதனால் பத்திரத்தில் இப்படி இருக்க வேண்டும்: எந்தச் சர்வே எண்ணில், யார் பங்கில், எந்தப் பக்கமாக, எத்தனை அடி அகலத்தில், எங்கே தொடங்கி எங்கே முடிகிற தடம், அதில் ஆள், கால்நடை, வண்டி வாகனம் போக வர யார் யாருக்குப் பாத்தியம் (உரிமை). "மாமூல் தடத்தில் போகவர" என்று பழைய பத்திரங்களில் எழுதுவார்கள். அதை நம்பாதீர்கள், மாமூல் எது என்று சொல்லத் தெரிந்தவர்கள் போய்விடுவார்கள். அகலம் முடிவு செய்யும்போது டிராக்டரை மட்டும் நினைக்காமல், கதிர் அறுக்கும் மிஷினும் லோடு லாரியும் திரும்புமா என்று பாருங்கள். ஒருவர் நிலத்தில் பாத்தியம் எழுதுவதைவிட, தடத்தை எல்லாருக்கும் பொதுவாக ஒதுக்கிவிட்டு மீதியைப் பங்கு போடுவது மேல். ஆளுக்கு நாலு சென்ட் குறையும், பரவாயில்லை.

தண்ணீர். கிணறு ஒன்று, பங்கு நாலு என்றால் கிணறும் அதைச் சுற்றி நடமாட இடமும் பொதுவில் இருக்கட்டும். ஆளுக்கு நாலில் ஒரு பாகம் என்று எழுதுவதோடு நின்றுவிடுகிறார்கள். சண்டை வருவது முறையில். நாலு நாளைக்கு ஒரு முறை என்றால் நாள் எப்போது தொடங்குகிறது? மும்முனை மின்சாரம் பகலில் சில மணி, இரவில் சில மணி என்று வரும்போது, ஒருவருக்கே தொடர்ந்து இரவு முறை விழலாம். அதனால் முறையை மும்முனை வரும் மணிக்கணக்கில் பேசி, பகல் முறையும் இரவு முறையும் மாறிமாறி வருகிற மாதிரி எழுதுங்கள். மோட்டார் எரிந்தால் யார் காயில் கட்டுவது, கிணறு தூர் எடுக்க யார் எவ்வளவு, ஒருவர் தனியாக போர் போட்டால் கிணற்றிலிருந்து எத்தனை அடி தள்ளிப் போட வேண்டும், இதெல்லாம் ஒரு பக்கம்கூட வராது. எழுதிவிடுங்கள். பைப் லைன் அடுத்தவர் பங்கு வழியாகப் போகிறதென்றால் அதற்கும் பாத்தியம் எழுத வேண்டும். வாய்க்கால் பாசனமாக இருந்தால் மடை எங்கே, கொப்பு வாய்க்கால் யார் நிலத்தில் என்பதும் அப்படியே.

மண் ஒரே மாதிரி இருக்காது. மேட்டுப் பக்கம் சரளை, பள்ளத்துப் பக்கம் கரிசல் என்று இருந்தால் சென்ட் கணக்கில் சமமாகப் பிரிப்பது சமம் ஆகாது. ரோட்டோரம் பத்து சென்ட் குறைவாக எடுத்துக்கொள்வதும், உள்பங்குக்குப் பத்து சென்ட் கூட்டிக் கொடுப்பதும் நியாயம்தான். மரங்கள் நிலத்தோடு போகட்டும். என் பங்கில் உன் தென்னை என்று வைத்துக்கொண்டால் காய் போடும் நாளெல்லாம் வழக்கு.

எங்கள் பக்கத்தில் மூத்தவர் பங்கு வைப்பார், இளையவர் முதலில் எடுப்பார். பங்கு வைப்பவருக்கு எது கடைசியில் மிஞ்சும் என்று தெரியாது என்பதால் அவர் ஒழுங்காகத்தான் வைப்பார். எனக்குத் தெரிந்து இதைவிடச் சுலபமான வழி இல்லை. அதுவும் சரிவராவிட்டால் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள்.

பேசி முடித்ததை அன்று மாலையே ஒரு தாளில் கைப்பட எழுதி, படம் போட்டு, எல்லாருக்கும் நகல் கொடுத்து ஒரு மாதம் விட்டுவிடுங்கள். வீட்டுக்குப் போய் யோசிக்க எல்லாருக்கும் நேரம் வேண்டும்.

எந்தப் பத்திரம்

எல்லாரும் நிலமாகவே எடுத்துக்கொள்கிறார்கள் என்றால் பாகப்பிரிவினைப் பத்திரம். ஒருவர் தன் பங்கை மற்ற பங்குதாரருக்கு விட்டுக்கொடுக்கிறார் என்றால் விடுதலைப் பத்திரம், அதற்குப் பணம் கொடுத்தால் தொகையை மறைக்காமல் எழுதி வங்கி வழியாகக் கொடுங்கள். பெற்றோர் உயிரோடு இருந்து தங்கள் நிலத்தைப் பிள்ளைக்குக் கொடுத்தால் தான செட்டில்மெண்ட். தங்கள் காலத்துக்குப் பிறகு என்றால் உயில்.

செட்டில்மெண்ட் எழுதிக் கொடுக்கும் அப்பா அம்மாவுக்கு ஒரு வார்த்தை. ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையை வைத்துக்கொண்டு எழுதுங்கள். பிள்ளை தங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே சேருங்கள். அப்படி எழுதியிருந்தால், பிள்ளை கைவிட்டபோது 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவின் கீழ் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து ரத்து செய்யக் கேட்கலாம். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் கட்டாயம், பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதிந்துவிடுங்கள்.

பாக விவரத்தைப் பதியாமல் எழுதி வைக்கும் கூர்ச்சீட்டு பற்றிப் பலரும் கேட்கிறார்கள். முன்பே வாய்ப்பாகம் முடிந்து, அவரவர் பங்கை அனுபவித்து வருவதை நினைவுக்காக எழுதி வைத்தது என்றால் அதற்குப் பதிவு தேவையில்லை. ஆனால் அந்தக் காகிதமே பாகத்தைச் செய்கிறது என்றால் பதியாமல் செல்லாது. இரண்டுக்கும் இடையிலான கோடு மெல்லியது, வக்கீல்கள் வருஷக்கணக்கில் வாதாடுவது அந்தக் கோட்டில்தான். இருபது ரூபாய் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி முடித்துவிடலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள்.

செலவும் பயப்படும்படி இல்லை. கிரயம் என்றால் முத்திரையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து வழிகாட்டி மதிப்பில் 9 சதவீதம். குடும்பத்துக்குள் பாகம் என்றால் முத்திரை 1 சதவீதம், ஒரு பங்குக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. இவை 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட உச்சவரம்புகள். குடும்பம் என்பதற்கு முத்திரைச் சட்டத்தில் தனி வரையறை இருக்கிறது. சித்தப்பா பிள்ளைகளும் பெரியப்பா பிள்ளைகளும் சேர்ந்து பிரிக்கும்போது உங்கள் உறவு அதற்குள் வருமா என்று பத்திரம் எழுதும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்திரத்தின் கடைசியில் வரும் சொத்து விவரத்தை எழுத்தரிடம் விட்டுவிடாதீர்கள். சர்வே எண், புஞ்சையா நஞ்சையா, ஏக்கர் சென்ட், நாலு பக்கச் செக்குபந்தி (எல்லை விவரம்), கிணற்றுப் பாத்தியம், மின் இணைப்பு எண், தடம், பைப் லைன். நம் கையெழுத்துத் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக ஒருவர் படிக்க, இன்னொருவர் சரி பார்க்க வேண்டும். செக்குபந்தியில் "கிழக்கே உனது பங்கு" என்று வருகிற இடத்தில் கிழக்கும் மேற்கும் மாறிப் போவது சாதாரணமாக நடக்கும். பங்குகளைக் கோடு போட்டுக் காட்டிய வரைபடத்தையும் பத்திரத்தோடு இணைத்துவிடுங்கள்.

வெளிநாட்டில் உள்ளவர் வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் அனுப்பலாம். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். வாரிசுகளில் மைனர் குழந்தை இருந்தால் அதன் பங்கை விற்கவோ விட்டுக்கொடுக்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும், குறுக்குவழி தேடாதீர்கள்.

அத்தையின் கையெழுத்து

பதிவு நாளன்று எங்கள் பெரிய அத்தை வந்திருந்தார். வெள்ளிக்கிழமை, டோக்கன் மதியத்துக்குத்தான். மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டு, "ஏஞ்சாமி, நான் எந்தக் காட்டுக்குக் கையெழுத்துப் போடறேன்னு படிச்சுச் சொல்லு" என்றார். முழுப் பத்திரத்தையும் படித்தேன். கிணற்று மேட்டு வேம்பு யார் பங்கில் வருகிறது என்று மட்டும் கேட்டார். சின்ன வயதில் அதில்தான் தூரி கட்டி ஆடுவார்களாம். எழுபது வயதில், தன் அப்பன் காட்டில் தன் பேர் எழுதியிருப்பதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

பெண்களிடம் "ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ" என்று கூப்பிட்டு, என்ன பத்திரம் என்றே சொல்லாமல் விடுதலை வாங்குவது இன்றும் நடக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அவர்கள் தாமாக விட்டுக்கொடுக்க நினைத்தால் அது அவர்கள் மனசு. ஆனால் எத்தனை சென்ட், இன்றைக்கு என்ன விலை, கையெழுத்துப் போட்டால் அதற்குமேல் உரிமை இல்லை என்ற மூன்றையும் தெரிந்துகொண்டு விட்டுக்கொடுக்க வேண்டும். ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை நீதிமன்றம் ரத்து செய்யும் என்பது ஒருபக்கம். அடுத்த வருஷம் பொங்கல் சீர் கொண்டு போகும்போது அக்கா முகத்தை எப்படிப் பார்ப்பீர்கள்?

பங்கு வேண்டும் என்று கேட்கும் பெண்ணைப் பேராசைக்காரி என்று பேசுவதும் வேண்டாம். அவர் கேட்பது தன் அப்பா விட்டுப்போனதில் தனக்குள்ளதை.

பட்டா

பத்திரம் பதிந்து வந்ததும் பெரும்பாலோர் அதைப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். தாத்தா பேரிலேயே காடு கிடந்ததற்குக் காரணம் இதுதான். அதே மாதத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். பாகம் என்றால் உட்பிரிவு தேவைப்படும். நில அளவர் வந்து அளந்து 45/2 என்ற எண்ணை 45/2ஏ, 45/2பி என்று பிரித்துப் புலப்படத்தில் கோடு போடுவார். அவர் வரும் நாளில் எல்லாப் பங்குதாரரும் காட்டில் இருங்கள். பத்திர வரைபடம் கையில் இருக்கட்டும், கல் நடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். தடத்தையும் கிணற்றையும் பொதுவில் விட்டிருந்தால் அந்த இடத்துக்குத் தனி உட்பிரிவும் கூட்டுப்பட்டாவும் கேளுங்கள்.

இன்னும் பாகம் பேசி முடியவில்லை, நாளாகும் என்றால், குறைந்தது வாரிசுச் சான்றை வைத்து எல்லார் பேரிலும் கூட்டுப்பட்டாவாவது வாங்கி வைத்துவிடுங்கள். தாத்தா பேரைவிட அது எவ்வளவோ பாதுகாப்பு. வட்டாட்சியர் உத்தரவு தவறு என்று நினைத்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேல் மாவட்ட வருவாய் அலுவலர். ஆனால் உரிமையே யாருக்கு என்ற தகராறு என்றால் சிவில் நீதிமன்றம்தான்.

ஒத்துவராவிட்டால்

ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால் பாகம் நின்றுவிடாது. பாக வழக்குப் போடலாம். முதலில் யாருக்கு எத்தனை பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பு, பிறகு வழக்கறிஞர் ஆணையர் நேரில் வந்து பார்த்துப் பிரித்த பின் இறுதித் தீர்ப்பு. காலம் அதிகம் பிடிக்கும். வழக்கு நடக்கும்போதே மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆகலாம். அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், மேல்முறையீடும் இல்லை. வழக்குப் போட்டவர்கள் பேசக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. எழவுக்கும் கல்யாணத்துக்கும் போய்க்கொண்டே இருங்கள், பாதி வழக்குகள் அங்கேதான் முடிகின்றன.

ஒரு வாரிசு தன் பங்கை வெளியாருக்கு விற்கக் கிளம்பினால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு மற்ற வாரிசுகளுக்கு வாங்கும் முன்னுரிமை தருகிறது. இது விவசாய நிலத்துக்கும் பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஊர் விலைக்குக் குறைத்துக் கேட்க அது வழியல்ல.

கடைசியாகச் சில அலுவலகங்கள்

புதுப் பட்டா கைக்கு வந்த பிறகு மின்வாரியத்தில் இலவச மின் இணைப்பின் பேரை மாற்றுங்கள். இறந்தவர் பேரில் இருக்கும்வரை இடமாற்றமோ கூடுதல் குதிரைத்திறனோ கேட்க முடியாமல் திண்டாடுவீர்கள். கூட்டுறவு சங்கத்தில் அப்பா பேரில் பயிர்க்கடன் பாக்கி இருக்கிறதா என்று கேட்டு முடித்துவிட்டு, உங்கள் பேரில் உறுப்பினராகச் சேருங்கள். பி.எம். கிசான் உதவிக்கு 1-2-2019-க்கு முன்பே நிலம் பேரில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் நில உரிமையாளர் இறந்து வாரிசாக நிலம் வந்தவர்களுக்கு விலக்கு உண்டு, அதனால் தேதியைக் காட்டி மறுத்தால் வாரிசுச் சான்றைக் காட்டுங்கள். விவசாயிகளுக்கான தனி அடையாள எண்ணுக்கும் புதுப் பட்டாவோடு பதிந்துகொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு பங்குதாரருக்கும் ஒரு பை: பத்திர நகல், பட்டா, புலப்படம், வாரிசுச் சான்றுகள், தண்ணீர் முறை எழுதிய தாள். அத்தைக்கும் தங்கைக்கும் அதே பை. எங்கள் வீட்டில் அம்மா அதற்கும் மஞ்சள் பைதான் வாங்கிவரச் சொன்னார்.